கை பழகிய பின்னரே கருவி

சொத்தை ஆழ்ந்து நரம்பைத் தொட்டுவிட்டால், பல்லைப் பிடுங்குவதே வழி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வேர்ச் சிகிச்சையால் அப்பல்லைக் காக்கலாம். வேரினுள் ஓடும் நுண்குழாயை மெல்லிய அரங்களால் தேய்த்துத் துப்புரவாக்கி அடைப்பதே அச்சிகிச்சை.

நெடுங்காலம் எஃகு அரங்களே பெரிதும் பயன்பட்டன. அவற்றைக் கையால் இயக்கினர். நிக்கல்-டைட்டானியக் கம்பியாலும் அரம் செய்யலாம் என்று 1988-இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். வேரின் வளைவுக்கேற்ப வளையும் இவ்வரம், இன்று மோட்டாரால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 300 முறை சுழல்கிறது.

பல் மருத்துவ மாணவர் பிளாஸ்டிக் கட்டைகளிலும், பிடுங்கிய பற்களிலும் பழகிய பின்னரே நோயாளியை அணுகுகின்றனர். அப்போதும் முதலில் கையரத்தால் வழி காணவேண்டும். மிகுதியாக அழுத்தினால், சுழலும் அரம் முன்னறிவிப்பின்றி வேருக்குள்ளேயே முறியும்.

ஆகவே, மாணவர் மெதுவாகச் செயல்பட்டால் பொறுமை காப்போம். அத்தாமதம் அறியாமையன்று, நம் பல்லைக் காக்கும் கவனமே.