நிமிர்த்தி வைத்த ஊர்

பாதி நிரம்பிய தண்ணீர்ப் பவுசரை உழவு இயந்திரத்தில் கொழுவிக்கொண்டு மன்னார்க் கட்டுக்கரைக் குளக்கட்டுப் பக்கம் ஓடியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும், தண்ணீர் நிற்காது. ஒரு கணம் பிந்தி வந்து முன்சுவரில் மோதிவிட்டுப் பின்னால் திரும்பும். முழுப் பவுசரைவிடப் பாதிப் பவுசர்தான் ஆளைப் பயப்படுத்தும்.

கனடாவின் வான்கூவர் நகரில் 2001இல் கட்டி முடித்த 48 மாடி ‘ஒன் வோல் சென்டர்’ இந்தக் குழப்படியைத்தான் வேலைக்கு வைத்திருக்கிறது. கீழே ஹோட்டல், மேலே வீடுகள், உச்சியில் பெரிய நீர்த்தொட்டிகள். காற்று கட்டடத்தை ஒரு பக்கம் அசைக்கும்போது தொட்டித் தண்ணீர் பிந்திச் சாடுகிறது, ஆட்டம் அடங்குகிறது. தொட்டியின் நீளத்தையும் நீரின் ஆழத்தையும் கட்டடம் ஆடும் தாளத்துக்குச் சரியாக அளந்து வைப்பதில்தான் வித்தை.

கடை, அலுவலகம், ஹோட்டல், வீடு எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் இத்தகைய கட்டடத்தைக் கலப்புப் பயன்பாட்டுக் கட்டடம் என்கிறார்கள். உயரத்தைப் பார்த்துத்தான் நாம் வாய் பிளக்கிறோம். என்னைக் கேட்டால் உயரம் பாதிச் சிக்கல்தான். வெவ்வேறு நேரத்தில் எழும்பி வெவ்வேறு நேரத்தில் படுக்கிற சனத்தை ஒரே கூரையின் கீழ் ஒருவர்மேல் ஒருவராக வைப்பது மற்றப் பாதி.

இதற்கு நல்ல விடை சொன்ன கட்டடம் சிகாகோவில் 1960களின் கடைசியில் எழுந்தது. 100 மாடி, 344 மீற்றர் உயரமுள்ள ஜோன் ஹான்கொக் சென்டர். அதன் பொறியியலாளர் இன்றைய பங்களாதேஷில் பிறந்த பஸ்லுர் ரஹ்மான் கான். கடைகளும் வாகனத் தரிப்பிடமும் அடியில், அவற்றுக்கு மேல் அலுவலகங்கள், 44ஆம் மாடிக்கு மேல் வீடுகள். கட்டடம் மேலே போகப் போக ஒடுங்குகிறது. அலுவலகத்தில் யன்னலுக்குத் தூரமாக மேசை போட்டும் இருக்கலாம். படுக்கையறைக்கு யன்னல் வேண்டும். அதனால் அகலமான தளம் அலுவலகத்துக்கும் ஒடுங்கிய தளம் வீட்டுக்கும் பொருந்திப் போயிற்று. மன்னார்ப் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒடுக்கம் புதிதல்ல. சுற்றளவு சுமார் 19.5 மீற்றர், உயரமோ அதன் பாதிகூட இல்லை. அப்படிக் குந்தியிருக்கும் மரத்தைக் காற்று என்ன செய்யும்? கோபுரத்தின் நிலை அப்படியல்ல.

மேலே போகப் போகக் காற்று வேகம் கூடும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகளும் அவ்வளவு உயரக் கால்களில் நிற்பது அதற்காகத்தான். மின்சாரம் எடுப்பவருக்கு வரம், கட்டடம் கட்டுபவருக்குத் தலையிடி. வேகம் இரண்டு மடங்கானால் சுவரில் விழும் அழுத்தம் நான்கு மடங்கு. சோழகம் வெறுமனே தள்ளினால்கூடச் சமாளிக்கலாம். கட்டடத்தின் இரு ஓரங்களிலும் மாறி மாறிச் சுழி கட்டிக் கழன்று, கட்டடத்தைத் தாளத்தோடு பக்கவாட்டில் ஆட்டுவதுதான் ஆபத்து. மூலைகளை மழுப்புவது, உயரம் கூடக் கூட வடிவத்தை மாற்றுவது எல்லாம் அந்தத் தாளத்தைக் குழப்பத்தான். துபாயின் 828 மீற்றர் புர்ஜ் கலீஃபா படிப்படியாக உள்ளொடுங்கி நிற்பதற்கும் இதுவே பெரிய காரணம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஆட்டம் ஆகக் கூடுதலாக இருப்பது உச்சியில். வீடுகளை வைப்பதும் அங்கேதான். பகலில் வேலை செய்பவர் கவனிக்காத ஆட்டத்தை இரவில் படுத்திருப்பவரின் உடம்பு கண்டுபிடித்துவிடும். எனவே வீட்டு மாடிகளுக்கு ஆட்ட வரம்பை அலுவலகத்தைவிட இறுக்கமாக வைக்கிறார்கள். வான்கூவரின் தொட்டிகள் அங்கே போனதன் நியாயம் இதுதான்.

தண்ணீருக்கு வருவோம். அருவியாற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்துக் கட்டுக்கரைக்குக் கொண்டுவந்து, துருசால் திறந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து வயலுக்கு விடுகிறோம். சரிவு கூடின இடத்தில் வாய்க்காலைப் படி கட்டி இறக்காவிட்டால் தண்ணீர் கரையை அரித்துவிடும். கோபுரத்திலும் அதே கணக்கு. 10 மீற்றர் உயரத் தண்ணீர் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். 240 மீற்றர் உச்சியில் ஒரேயொரு தொட்டி வைத்து நிலத்தளம் வரை குழாய் விட்டால் கீழ்வீட்டுப் பைப்பில் 24 மடங்கு அழுத்தம். திருகிய கையோடு பைப் கழன்று வரும். ஆகவே நடுமாடிகளில் இடைத்தொட்டி வைத்தோ அழுத்தம் குறைக்கும் வால்வு போட்டோ கட்டடத்தைப் பல ‘வாய்க்கால்’களாகப் பிரிக்கிறார்கள்.

லிஃப்டும் அப்படித்தான். கொழும்பில் ஒரு தொடர்மாடியில் 11ஆம் மாடி மச்சாள் வீட்டில் நின்றபோது, காலை ஏழு மணிக்கு லிஃப்டுக்காகக் காத்து, அது மாடிக்கு மாடி பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி நிரம்பிப் போவதைப் பார்த்துவிட்டுப் படியால் இறங்கினேன். காலையில் வீட்டுக்காரர் இறங்குவர், அலுவலகக்காரர் ஏறுவர், ஹோட்டல்காரர் பெட்டியோடு எந்நேரமும் வருவர். ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு லிஃப்ட் என்று பிரித்தால்தான் சரிவரும். ஆனால் தரிப்பிடத்தைப் பிரிக்கத் தேவையில்லை. பகலில் அலுவலகக் கார் நின்ற இடத்தில் இரவில் வீட்டுக் கார் நிற்கலாம். கலப்பதன் இலாபம் இங்கேதான் தெரியும்.

கொழும்பில் இத்தகைய கட்டடங்கள் பேர வாவியோரக் கொம்பனித்தெருவில் முளைத்திருக்கின்றன. மொஷே சஃப்டி வடிவமைத்த 240 மீற்றர் ‘அல்டெயர்’ இரட்டைக் கோபுரம். ஒன்று சாய்ந்து மற்றதில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. கொழும்பில் பிறந்த செசில் பால்மண்ட் வடிவமைத்த ‘சினமன் லைஃப்’ ஹோட்டல், வீடு, அலுவலகம், கடைத்தொகுதி எல்லாம் சேர்ந்தது. அழகுதான். ஆனால் அதே கொம்பனித்தெருவில் கீழே கடை, மேலே வீடு என்று சனம் எத்தனையோ காலமாக வாழ்ந்தது. கலப்புப் பயன்பாடு அங்கே புதிதாக இறக்குமதியாகவில்லை, விலைதான் புதிது.

கலப்பு ஆகத் தேவைப்படுவது, சேரிகளிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்களுக்கான தொடர்மாடிகளுக்குத்தான். பொரளையில் 2001இல் 14 மாடியில் 671 வீடுகளோடு எழுந்த ‘சகஸ்புர’வுக்குப் பிறகு அப்படிப் பல கட்டினார்கள். வாசலில் அப்பச்சட்டி வைத்துப் பிழைத்தவரைப் பத்தாம் மாடிக்கு ஏற்றினால் அவர் வீடு கிடைத்தவர் மட்டுமல்ல, கடை போனவரும்தான். வரைபடம் போடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை மாடி என்பதல்ல, அடுப்பை எங்கே வைப்பது என்பது.

மன்னார் பசாரில் கடைக்கு மேல் வீடெடுக்க நினைப்பவர்களுக்கும் இந்தக் கணக்கில் பங்குண்டு. வீட்டுப் படி கடைக்குள்ளால் போகவேண்டாம், வெளியால் போகட்டும். மேல்மாடிக் குளியலறையைக் கீழ்க் கழிவறைக்கு நேர் மேலே வையுங்கள், குழாய் ஒரே கோட்டில் இறங்கும். உங்கள் வீட்டுக்கு உப்புக்காற்று எப்போதும் வரும், அதனால் கம்பிக்கு மேல் கொங்கிறீற் மூடலைத் தடிப்பாக விடச் சொல்லுங்கள். கடல்மணலை மட்டும் கலக்க விடாதீர்கள்.