பெண்ணின் தேர்வும் சாதியின் காவலும்

வர்ஷா பரத் இயக்கி, வெற்றிமாறன் தயாரித்த 'பேட் கேர்ள்' படத்தின் முன்னோட்டம் 2025 ஜனவரியில் வெளியானபோதே எதிர்ப்பு எழுந்தது. சென்னைப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த ரம்யா, பள்ளிப் பருவம் தொட்டுத் தன் விருப்பப்படி காதலிக்க முயல்வதே கதை. தங்கள் சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்துவதாகப் பார்ப்பனத் தரப்பினர் கொதித்தனர்.

முன்னோட்டம் சிறாரைக் காட்டிய விதம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. அது பேசப்பட வேண்டியதே. ஆனால், 'எங்கள் சாதிப் பெண்ணை எப்படிக் காட்டலாம்' என்ற கோபம் வேறு. அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரை அதனை விளக்குகிறது: அகமணமே சாதியின் உயிர்நிலை, சதியும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் அதைக் காக்கவே தோன்றின.

ரம்யாவின் வீட்டில் அந்தக் காவல் கண்டிப்பாகவும் கண்ணீராகவும் வருகிறது. படம் செப்டம்பர் 5இல் திரைக்கு வந்தது. அதற்கு நாற்பது நாள் முன்பு, நெல்லையில் தலித் இளைஞர் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பழகிய பெண்ணின் சகோதரர் கைதானார். அங்கே அந்தக் காவலின் கையில் அரிவாள் இருந்தது.

இரண்டையும் சமம் என்று நாம் சொல்லவில்லை. ரம்யா உயிரோடு வளர்கிறாள். கவினுக்கு அது வாய்க்கவில்லை. ஆயினும், பெண்ணின் தேர்வு குடும்பத்தின் மானமாகக் கருதப்படும்வரை சேரியின் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை. ஆகவே ரம்யாவின் விடுதலை நமக்கும் உரிய வழக்கே.