முதுகெலும்பின் பக்கவளைவு: பயிற்சி நிமிர்த்துமா, நிறுத்துமா?

மொழியியல் பயின்ற ஒருவன் மருத்துவப் பொருள்பற்றி உரை நிகழ்த்தப் புகுவது ஏன் என்னும் வினா அவையில் எழுதல் இயல்பே. வளரிளம் பருவத்தினரின் முதுகெலும்பு வளைவைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில், நோயைச் சுட்டும் பெயர்ச்சொல்லும் சிகிச்சையின் பயனைச் சுட்டும் வினைச்சொல்லும் பலவிடத்துப் பிழைபட வழங்குகின்றன. பெயர் பிழைத்தால் பெற்றோர் வேறொன்றை எண்ணி அஞ்சுவர். வினை பிழைத்தால் கிட்டாத ஒன்றை எதிர்நோக்கிக் காலத்தை இழப்பர். இரண்டாவதே பெருங்கேடு.

முதற்கண் பெயர். 'கூன்' என்பது பழஞ்சொல். புறநானூற்றின் 28ஆம் பாடல் பிறவிக்குறைகளை எண்ணுமிடத்து அதனையும் எண்ணுகிறது. செய்யுளடியின் அளவுக்குப் புறம்பாக நிற்கும் சொல்லையும் யாப்பு நூலார் கூன் என்றே வழங்கினர். எனினும் இன்றைய வழக்கில் கூன் என்பது முதுகு முன்னோக்கிக் குனிந்த நிலை. ஸ்கோலியோசிஸ் அதுவன்று. அதில் முதுகெலும்பு இடமாகவோ வலமாகவோ வளைவதோடு, முள்ளெலும்புகள் தம் அச்சில் முறுக்கிக்கொள்ளவும் செய்கின்றன. அம்முறுக்கோடு விலா எலும்புகளும் திரும்புவதால்தான், பிள்ளை முன்குனியும்போது முதுகின் ஒருபுறம் மேடிட்டுத் தோன்றுகிறது. 'பக்கவளைவு' என்னும் சொல்லில் அம்முறுக்கு அடங்கவில்லை. ஆயினும் கூன் என்பதைவிட அது நேர்மையான சொல். 'தண்டுவடம் வளைந்துவிட்டது' என்று எழுதுவது மட்டும் அறவே கூடாது. தண்டுவடம் எலும்புத் தொடரின் உள்ளே செல்லும் நரம்புத்திரள். இங்கு வளைவது எலும்புத் தொடர்.

வளைவை எக்ஸ்-கதிர்ப் படத்தில் அளக்கும் முறையை அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948இல் விளக்கினார். அவர் பெயரால் வழங்கும் கோணம் 10 பாகையை எட்டினால்தான் பக்கவளைவு எனக் கொள்வர். சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளிடையே நிகழ்த்தப்பட்டு 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில், 11, 12 வயதுச் சிறுமியருள் 1.37 விழுக்காட்டினரிடமும், 13, 14 வயதினருள் 2.22 விழுக்காட்டினரிடமும் அது காணப்பட்டது. உடல் விரைந்து வளரும் காலத்தில் வளைவும் மிகுகிறது என்பதை இவ்வெண்கள் உணர்த்தும். பெரும்பாலோரிடத்துக் காரணம் இன்னதென்று புலப்படுவதில்லை. புத்தகப்பையைச் சுமந்ததாலோ கோணலாக அமர்ந்ததாலோ இது வருவதாகச் சான்றில்லை. 'நேராக உட்காராததால்தான் உனக்கு இப்படி' என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர், அம்மாணவி செய்யாத குற்றத்தை அவள்மீது ஏற்றுகிறார்.

பயிற்சிச் சிகிச்சைக்கு வருவோம். ஜெர்மனியைச் சேர்ந்த கத்தரினா ஷ்ரோத் தாமே பக்கவளைவு உடையவர். குழிந்த ரப்பர்ப் பந்து காற்றேறும்போது நிரம்புவதைக் கண்டு, மார்பின் குழிந்த பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தி அதனை விரிக்க முயன்றார். கண்ணாடி முன் நின்று தம் நிலையைத் திருத்திக்கொண்டார். 1921இல் மைசென் நகரில் சிகிச்சையகம் தொடங்கினார். இன்று 'பக்கவளைவுக்கான சிறப்புப் பயிற்சி' எனப்படுபவற்றுள் அவருடைய முறை பலராலும் அறியப்பட்டது. அவரவர் வளைவின் வடிவத்துக்கேற்ப உடலைத் தாமே திருத்திக்கொள்வதும், திருத்திய நிலையை அன்றாடச் செயல்களில் காப்பதும் இவற்றின் அடிப்படை. நீச்சலும் யோகாசனமும் உடலுக்கு நல்லவை. ஆனால் அவை இவ்வகைப் பயிற்சிக்கு மாற்றாகா.

இனி வினைச்சொல். விளம்பரங்கள் விரும்பும் சொல் 'நிமிர்த்தும்'. ஆய்வுகள் அவ்வாறு கூறவில்லை. இத்தாலியில் 110 பிள்ளைகளைக் கொண்டு நிகழ்த்தி 2014இல் வெளியிட்ட ஆய்வை நோக்குக. அனைவருக்கும் வளைவு 25 பாகைக்குட்பட்டது. சிறப்புப் பயிற்சியை எலும்பு முதிரும்வரை தொடர்ந்தவர்களுக்கு வளைவு சராசரியாக 5 பாகை அளவு குறைந்தது. பொதுப் பயிற்சி செய்தவர்களுக்குச் சற்றே கூடியது. பயிற்சி நின்று ஓராண்டுக்குப் பின்னும் அப்பயன் நிலைத்திருந்தது. ஆயினும் காப் கோணத்தை அளப்பதிலேயே 5 பாகை வரை வேறுபாடு நேரக்கூடும். ஆகவே தனியொரு பிள்ளையின் படத்தில் 3 பாகை குறைந்தது கண்டு மகிழ்வதும், 3 பாகை கூடியது கண்டு கலங்குவதும் பொருளற்றவை.

ஓராண்டு நெடுங்காலமா என்று கேட்கலாம். வாழ்நாளோடு ஒப்பிட்டால் இல்லை. ஆனால் இங்கு இன்னொரு செய்தியைச் சேர்த்து எண்ண வேண்டும். வளர்ச்சி முடியும்போது 30 பாகைக்குக் கீழே நிற்கும் வளைவு பின்னர்ப் பெரும்பாலும் மிகுவதில்லை. மார்புப் பகுதியில் 50 பாகையைக் கடந்தது முதிர்ந்த பின்னும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 பாகை அளவில் மிகக்கூடும். எனவே 14 வயதில் வளைவை எங்கே நிறுத்துகிறோம் என்பதே 40 வயதின் நிலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பயிற்சிக்கு உரிய வினை 'நிறுத்தும்' என்பதே. மிதமான வளைவில் சிலருக்கு 'குறைக்கும்' என்றும் சொல்லலாம்.

வளர்ச்சி எஞ்சியிருக்கையில் வளைவு 25 பாகையைத் தாண்டினால் பயிற்சி மட்டும் போதுமென்று இருத்தல் தகாது. பிரேஸ் எனப்படும் உடற்கவசத்தின் பயனை வட அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். கவசம் அணிந்தோருள் 72 விழுக்காட்டினரின் வளைவு அறுவை சிகிச்சைக்குரிய எல்லையை எட்டவில்லை. அணியாதோருள் அவ்வாறு தப்பியோர் 48 விழுக்காட்டினரே. நாளொன்றுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தோருள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தப்பினர்.

சிகிச்சையே பெறாதவர்களின் எதிர்காலம்? அமெரிக்காவின் ஐயோவாவில் அத்தகையோரை 50 ஆண்டுகள் தொடர்ந்து கண்டு 2003இல் வெளியிட்டனர். முதுகுவலி அவர்களிடம் மிகுதியாகவே இருந்தது. ஆயினும் பெரும்பாலோர் தொழில் செய்து, குடும்பம் நடத்தி, இயல்பாக வாழ்ந்திருந்தனர். 'முடமாகிவிடுவாய்' என்று அச்சுறுத்துவதற்கு இடமில்லை என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன்.

அந்த 13 மணி நேரத்தில் பள்ளி நேரமும் அடங்கும். கவசத்தின்மேல் பொருந்துமாறு ஓரளவு பெரிய சீருடையை அணிய இசைவு தருவதும், உடற்கல்வி வேளையில் மாணவியை ஓரமாக உட்கார வைக்காமல் மருத்துவர் இசைந்த விளையாட்டுகளில் சேர்ப்பதும், இயன்முறை மருத்துவர் கற்பித்த அமர்வு நிலையை வகுப்பில் காக்க ஏற்ற இருக்கையைத் தருவதும் ஆசிரியர் கையில் உள்ளவை.