மீற்றர் ஓடிய போர் வண்டி

பாரிஸ் மாநகரில், நெப்போலியன் துயிலும் இன்வலீட் மாளிகையின் இராணுவ நூதனசாலையிலே, பீரங்கிகளும் கவசங்களும் நிறைந்த கூடங்களுக்கிடையே பழைய ரெனோ வாடகை மோட்டார் வண்டியொன்றும் இடம்பெற்றுள்ளது. இஃது இங்கு வந்ததேன் என நாம் வியத்தல் இயல்பே.

1914 செப்டெம்பரில் ஜேர்மானியப் படை பாரிஸை நெருங்கிற்று. நகர்க் காவலை ஏற்றிருந்த தளபதி கலியேனி, டாக்ஸிகளைத் திரட்டப் பணித்தார். சுமார் 600 வண்டிகள், பெரும்பாலும் வண்டிக்கு ஐவராகப் போர்வீரரை ஏற்றி, மார்ண் போர்முனை நோக்கி இரவிலே விரைந்தன. அப்போதும் மீற்றர் நிறுத்தப்படவில்லை, வழக்கம்போலவே ஓடியது! பின்னர் அரசாங்கம் 70,012 பிராங்க் கூலி செலுத்திற்று. பகைவன் வாசலில் நிற்கையிலும் கணக்குத் தவறவில்லை, பாருங்கள்.

பாரிஸைக் காத்தவை இவ்வண்டிகளே என்று பலர் பெருமையோடு சொல்வர். அது முற்றும் உண்மையன்று. வீரருட் பெரும்பாலோர் புகைவண்டியிலேயே சென்றனர். டாக்ஸியில் ஏறியோர் சில ஆயிரவரே. ஆயினும் அஞ்சி நடுங்கியிருந்த நகரத்தார்க்கு அக்காட்சி அளித்த தைரியத்தை எந்த மீற்றரால் அளப்பது? நேற்றுவரை நாடகசாலைக்கும் கடைத்தெருவுக்கும் ஆளேற்றிய சாரதிகளன்றோ, அன்று பீரங்கி முழங்கும் திசைக்கு வண்டியைத் திருப்பினர்! வீரரை இறக்கிவிட்டு, மீண்டும் பாரிஸுக்கு வந்து தம் பழைய தொழிலையே மேற்கொண்டனர்.