புயலுக்குப் பின் தென்னங்கன்று வாங்குவோர் கவனத்திற்கு

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னை மரங்களைச் சாய்த்தது. பல்லாண்டுகள் காய்த்த தோப்புகள் ஒரே இரவில் தரைமட்டமாயின. இத்தகைய இழப்புக்குப் பின், உடனே கன்று நட்டுத் தோப்பை எழுப்பிவிட வேண்டும் என்ற துடிப்பு உழவர்களிடம் எழுவது இயல்பு. அந்தத் துடிப்பைப் பயன்படுத்தி ஏமாற்றுவோரும் கிளம்புவதுண்டு.

நெல் விதையில் ஏமாந்தால் ஒரு போகத்தில் தெரிந்துவிடும். தென்னையில் அப்படியல்ல. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். அதுவரை தண்ணீர் பாய்ச்சி, உரமிட்டு வளர்த்த பிறகே கன்று மட்டமானது என்பது தெரியவரும். எனவே கன்று வாங்கும் நாளில் காட்டும் கவனமே பாதுகாப்பு.

கன்றுத் தட்டுப்பாடு ஏன்?

நல்ல தாய்மரத்திலிருந்து முற்றிய காயைப் பறித்து, நாற்றங்காலில் பதித்து, நடுவதற்கேற்ற கன்றாக்க 9 முதல் 12 மாதங்கள் ஆகும். புயலடித்த அடுத்த மாதமே இதைச் செய்து முடிக்க எந்தப் பண்ணையாலும் இயலாது. கையிருப்பில் உள்ள நல்ல கன்றுகள் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே புயலுக்குப் பின் ஊர் ஊராக லாரியில் கன்று கொண்டுவந்து, 'எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் தருகிறோம்' என்று கூறுவோரிடம், அவை எந்தப் பண்ணையில் எப்போது பதித்த காய்கள் என்று கேட்க வேண்டும். தெளிவான பதில் இல்லையெனில் வாங்காமல் விடுவதே நலம்.

ஏமாற்றும் வழிகள்

காற்றில் உதிர்ந்த முற்றாத காய்களை முளைக்க வைத்து விற்பது ஒரு வழி. இவற்றின் கன்றுகள் வீரியம் குன்றியிருக்கும். சாதாரண நெட்டைக் கன்றை 'நெட்டை குட்டை வீரிய ஒட்டு' என்று கூறி அதிக விலைக்கு விற்பது மற்றொரு வழி. ஒட்டு மரத்தில் காய்த்த காயையே முளைக்க வைத்து ஒட்டுக்கன்று என்று விற்பதும் உண்டு. ஒட்டு மரத்தின் காயிலிருந்து வரும் கன்றுகள் தாயைப் போல் ஒரே சீராக இரா. இந்தக் கன்றுகளைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கும் கடினம். ஆதலால் ஒட்டுக்கன்று தேவைப்படுவோர் அரசுப் பண்ணைகள், வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் போன்ற நம்பகமான இடங்களில் முன்பதிவு செய்து பெறுவதே சிறந்தது.

கன்றைத் தேர்வு செய்தல்

கன்றின் வயது 9 முதல் 12 மாதங்கள் இருக்க வேண்டும். குறைந்தது 6 இலைகள் இருத்தல் வேண்டும். கழுத்துப் பகுதியின் சுற்றளவு 10 செ.மீ.க்குக் குறையக்கூடாது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு நூலைச் சுற்றி அளவுகோலில் வைத்துப் பார்த்தாலே போதும். இலைகள் சீக்கிரமே ஓலையாகப் பிரிந்திருப்பது நல்ல அறிகுறி. நிழலில் நெருக்கமாக வளர்ந்து, ஒல்லியாக நீண்டு நிற்கும் கன்றுகளை ஒதுக்க வேண்டும். லாரியில் வருவதாயின் மேலே அடுக்கியவற்றை மட்டும் பார்க்காமல், நடுவிலும் அடியிலும் இருந்து சில கன்றுகளை எடுத்து அளக்க வேண்டும். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 கன்றுகளே தேவை. அத்தனையையும் ஒவ்வொன்றாக அளந்து வாங்குவது பெரிய வேலையல்ல.

ரசீது அவசியம்

1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, விதையோ நாற்றோ விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வாங்குபவருக்கு ரசீது தர வேண்டும். ரசீதில் ரகத்தின் பெயர், எண்ணிக்கை, விலை, விற்பவரின் முகவரி ஆகியவை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 'ரசீது வேண்டாமென்றால் விலை குறைத்துத் தருகிறேன்' என்பவரிடம் வாங்கவே கூடாது. உரிமமின்றி விற்பவர் பற்றி விதை ஆய்வாளரிடமோ, வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடமோ உடனே தெரிவிக்கலாம்.

நிவாரணப் பணத்திற்குத் தரகர் வேண்டாம்

கஜா புயலில் விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் என அரசு அறிவித்தது. இத்தகைய தொகை கணக்கெடுப்பின்படி உழவரின் வங்கிக் கணக்கிற்கே வரும். பட்டியலில் பெயர் சேர்ப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவருக்கு ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்திடக் கூடாது. நிவாரணம் போடுவதாகத் தொலைபேசியில் கூறி ரகசிய எண் கேட்டால் சொல்லக் கூடாது; பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 எண்ணில் புகார் செய்ய வேண்டும். விழுந்த மரங்களைக் கணக்கெடுப்பு முடியுமுன் வியாபாரியிடம் விற்று அகற்றிவிடாமல், எண்ணிக்கை பதிவான பின் அகற்றுதல் நலம்.

ஏமாந்தால் செய்ய வேண்டியது

விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்துள்ளது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், குறைக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. ஆனால் ரசீது இல்லாத புகாரை மெய்ப்பிப்பது கடினம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

நல்ல கன்று கிடைக்கும் வரை நிலம் சும்மா இருக்க வேண்டியதில்லை. விழுந்த மரங்களின் மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகுமாதலால் அவற்றை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். 3 அடி நீள, அகல, ஆழத்தில் குழிகளை எடுத்து ஆறப்போடலாம். இடையில் உளுந்து, நிலக்கடலை அல்லது வாழை பயிரிட்டால் கைச்செலவுக்கு உதவும். ஓராண்டு பொறுத்து நட்டாலும் நல்ல கன்றே பல்லாண்டு பலன் தரும்.