வைரஸின் சட்டையைக் கிழி!

ஹாஸ்டல்வாசிகளே, ஒரு கேள்வி. காய்ச்சலில் இருமிக்கொண்டே உங்க ரூம்மேட் திறந்த கதவை, அடுத்த நிமிஷம் நீங்களும் திறக்கிறீங்க. கை கழுவினீங்களா? போன செமஸ்டரில் எங்க விங்கில் ஒருத்தன் ஆரம்பிச்சு வைக்க, ஒரே வாரத்தில் ஆறு பேர் போர்வைக்குள்! அதில் நானும் ஒருத்தன். மேத்ஸ் பேப்பரை கஞ்சி குடிச்சுட்டுப் போய் எழுதினேன். ரிசல்ட்டை மட்டும் கேட்காதீங்க.

அந்தக் கைப்பிடியே வைரஸைக் காலி பண்ணினா?

நடக்கிற கதைதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், அலெக்சாண்டர் கிளிபனோவ் குழு 2006-ல் இதைச் செய்து காட்டியது. அதில் முன்னணியில் இருந்தவர் நம்ம ஊர் வேதியியலாளர் ஜயந்த ஹால்தார். பாலிஎத்திலின்இமைன் என்ற பாலிமரில் 12 கார்பன் நீளக் கொழுப்பு வால்களைச் சேர்த்து, கண்ணாடித் துண்டில் பெயிண்ட் மாதிரி பூசினார்கள். மேலே விட்ட இன்ஃப்ளூயன்ஸா வைரஸில், சில நிமிடங்களில் 10,000-க்கு ஒன்றுக்கு மேல் தேறவில்லை!

எப்படி? இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா, ஹெச்.ஐ.வி. எல்லாமே கொழுப்புச் சட்டை போட்ட வைரஸ்கள். அதுவும் நம்ம செல்லிலிருந்து சுட்ட சட்டை! அது கிழிஞ்சா ஆட்டம் க்ளோஸ்.

பாலிமர் நெடுக பாசிட்டிவ் சார்ஜ். ஒரே சார்ஜ்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பது ஸ்கூல் பாடம். அதனால் சங்கிலிகள் சுருண்டு ஒட்டாமல், சீப்புப் பல் மாதிரி விலகி நிற்கும். வைரஸின் மேற்பரப்பில் நெகட்டிவ் சார்ஜ் இருப்பதால், வந்து ஒட்டிக்கொள்ளும். கொழுப்போடு கொழுப்பு சேருமே? வால்கள் சட்டைக்குள் குத்தி நுழைய, உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. வெளியே கொட்டிவிடும். சோப்பும் சட்டையைத்தான் கிழிக்கிறது. ஆனால் அது தண்ணீரோடு போய்விடும். இந்தப் பாலிமர் தண்ணீரில் கரையாது. பூசிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

'அப்போ மருந்தா குடிச்சிடலாமே?' என்று கிளம்பிடாதீங்க! நம்ம செல்லின் சட்டையும் கொழுப்புதான், அதன் வெளிப்புறமும் நெகட்டிவ்தான். உடம்புக்குள் போனால் பாலிமர் ஆள் பார்க்காது, நம்மையும் கிழிக்கும். அதனால்தான் அதை மேற்பரப்பிலேயே கட்டிப்போடுகிறார்கள். அங்கேயும் அழுக்கு படிந்தால் வேலை நின்றுபோகும், துடைக்கணும். இருமலில் காற்றோடு வரும் வைரஸை கைப்பிடி ஒன்றும் செய்யாது.

வைரஸின் சட்டையைக் கிழிக்கணும், நம்ம சட்டையைத் தொடக்கூடாது. இந்த வித்தியாசம் தெரிந்த பாலிமரை யார் செய்வது? கெமிக்கல், பயோடெக் மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடிட்டுத்தானே இருக்கீங்க?

அதுவரைக்கும் கையைக் கழுவுங்க பாஸ்!