மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது

நம் சங்க மலரில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். தபால்தலை சேர்ப்பவர், பழைய நாணயம் சேர்ப்பவர், கடிகாரம் சேர்ப்பவர் எல்லாம் நமக்குத் தெரிந்தவர்கள்தான். அதுபோலப் பழைய கைத்துப்பாக்கிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் இவர்கள் மிக அதிகம். இதில் வேடிக்கை என்னவென்றால், இவர்களில் பலர் தாங்கள் சேர்த்ததைச் சுட்டுப் பார்ப்பதே இல்லை.

டீசல் எஞ்சின் ஷெட்டில் காலத்தைக் கழித்த எனக்கு இந்தப் பொருள்களில் ஈடுபாடு வந்ததற்குக் காரணம், அவற்றின் இயந்திர நுட்பம். அதிலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னஞ்சிறு ரிவால்வர்கள் மீது தனி மோகம். என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. புத்தகங்களும், அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளுமே என் சேகரிப்பு.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். ரிவால்வரில் தோட்டாக்கள் ஒரு சுழலும் உருளையின் அறைகளில் இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை ஓர் அறை நகர்ந்து, அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்து நிற்கும். நவீன பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கப்பட்டிருக்கும். 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங் பிஸ்டல். அதை ரிவால்வர் என்று எழுதுவது சரியல்ல.

சிறிதாகச் செய்வதுதான் கடினம்

பெரிய ரிவால்வரைவிடச் சிறிய ரிவால்வரைச் செய்வதற்கே அதிகக் கைத்திறன் வேண்டும். உருளை நகர்ந்து நிற்கும் இடம் மயிரிழை தவறினாலும் குண்டு குழலின் விளிம்பில் மோதும். அறைகளுக்கு நடுவே உள்ள இரும்புச் சுவர் மெலிந்தால் வெடி அழுத்தம் தாங்காது. உள்ளே இருக்கும் வில், கொக்கி, பற்கள் எல்லாம் கைக்கடிகாரத்தின் பாகங்களைப்போல் சிறுத்துவிடுகின்றன.

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, நியூ ஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சன் நகரில் தொழிற்சாலை தொடங்கினார். ரோஜர்ஸ் கம்பெனியின் ரயில் எஞ்சின்கள் உருவானதும் அதே ஊரில்தான். அங்கே கோல்ட் செய்த மிகச் சிறிய சட்டைப்பை ரிவால்வரில் டிரிக்கர் வெளியே தெரியாது. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால்தான் டிரிக்கர் கீழே எட்டிப் பார்க்கும்! தொழிற்சாலை 1842இல் மூடப்பட்டது. அந்தக் குட்டி மாடல் சில நூறுதான் உருவானது. ஆகவே இன்று அது பொக்கிஷம்.

ஒரே பெயர், மூன்று விலை

அபூர்வம் எப்படி உண்டாகிறது என்பதற்கு இன்னொரு உதாரணம், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1857இல் வெளியிட்ட 'மாடல் 1'. அதுவரை பெரும்பாலான ரிவால்வர்களுக்கு மருந்து, குண்டு, தொப்பி என்று தனித்தனியாகப் போட்டு இடிக்க வேண்டும். இதிலோ உலோக உறையோடு கூடிய தயார் தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகினால் போதும். 0.22 அங்குலத் தோட்டா. ஒரு சுற்றுக்கு ஏழு. உருளையை முன்னும் பின்னும் துளைத்துச் செல்லும் இந்த அமைப்பின் காப்புரிமை ரோலின் ஒயிட் என்பவருக்கு உரியது. கம்பெனி அவருக்கு ரிவால்வர் ஒன்றுக்குக் கால் டாலர் கொடுத்தது. ஆனால் காப்புரிமையை மீறியவர்கள் மீது வழக்குப் போடும் செலவு அவர் தலையில்! 1869இல் காப்புரிமை முடிந்தது. நீட்டிக்கக் கேட்ட மசோதாவை ஜனாதிபதி கிராண்ட் 1870இல் நிராகரித்துவிட்டார்.

இந்த மாடலின் முதல் பதிப்பு சுமார் 12,000. மூன்றாம் பதிப்போ ஒரு லட்சத்துக்கும் மேல். உடலின் பக்கங்கள் உருண்டிருந்து, சிறிய வட்டத் தகடு இருந்தால் முதல் பதிப்பு. பக்கங்கள் தட்டையாக இருந்தால் இரண்டாவது. உருளையில் வரிப்பள்ளங்களும், பறவைத் தலைபோல் வளைந்த கைப்பிடியும் இருந்தால் மூன்றாவது. இந்தச் சிறு வேறுபாடுகளில்தான் விலை பல மடங்கு ஏறி இறங்குகிறது.

அதே கம்பெனி 1902 முதல் 1921 வரை செய்த 'லேடி ஸ்மித்' இன்னும் சிறியது. எடை 300 கிராமுக்கும் குறைவு. மொத்தம் சுமார் 26,000. விலைமாதர்கள் இதை விரும்பி வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டு, பக்திமானான டேனியல் வெஸ்ஸன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார் என்று ஒரு கதை உண்டு. சுவையான கதைதான். ஆனால் அவர் காலமானது 1906இல். உற்பத்தி நின்றது அதற்கு 15 ஆண்டுகள் கழித்து! பழம்பொருளோடு கதையையும் சேர்த்து விற்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆண்டைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

தோல்வியால் வந்த மதிப்பு

1951 வாக்கில் அமெரிக்க விமானப்படைக்காகக் கோல்ட் கம்பெனி ஒரு ரிவால்வர் செய்தது. விமானிக்குப் பாரம் கூடாது என்பதால் உடலும் உருளையும் அலுமினியக் கலவையில். எடை சுமார் 310 கிராம். எண்ணிக்கை ஏறத்தாழ 1,200. ஆனால் அலுமினிய உருளை வெடி அழுத்தத்தைத் தாங்கவில்லை. விமானப்படை அவற்றைத் திரும்பப் பெற்று அழிக்க உத்தரவிட்டது. தப்பிப் பிழைத்தவை மிகச் சில. உபயோகத்துக்கு ஆகாது என்று ஒதுக்கியதே இன்று சேகரிப்பாளர்களின் கனவாகிவிட்டது.

இவர்கள் பார்க்கும் முதல் விஷயம், பொருள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்பது. எல்லாப் பாகங்களிலும் ஒரே எண் பொருந்துகிறதா? நிக்கல் முலாம் அசலா? பெட்டி இருக்கிறதா? கம்பெனியின் பழைய பதிவேட்டிலிருந்து, எந்த நாளில் எங்கே அனுப்பப்பட்டது என்று கடிதம் பெறவும் வழி உண்டு. தேய்மானத்தை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். உப்புத்தாள் போட்டுப் பளபளக்கச் செய்தால் பொறுக்கமாட்டார்கள். எழுத்தும் எண்ணும் அழிந்தால் மதிப்பும் அழிந்தது. நம் வீட்டுப் பழைய வெண்கல விளக்குக்கும் இது பொருந்தும்.

நம் நாட்டில்

1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதனால், அதற்கு முன் வந்த வெப்லி போன்ற சாதாரண ரிவால்வர்கள்கூட இங்கே அரிய பொருளாகிவிட்டன. பிறகு 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது.

அப்போது ஜபல்பூரில் என் ஹிந்திக்கார நண்பர் ஒருவருக்குச் சங்கடம். அவரிடம் லைசென்ஸோடு இருந்தவை ஒரு ரைபிள், ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி, தகப்பனார் விட்டுச் சென்ற ஒரு சிறிய வெப்லி. "ரிவால்வரைக் கொடுத்துவிடுங்கள், ரைபிள்தான் பலமானது" என்றான் மகன். நண்பர் ரைபிளைத்தான் ஒப்படைத்தார். காரணம் கேட்டேன். ரிவால்வரின் கைப்பிடியைக் காட்டினார். கட்டம் கட்டமாகச் செதுக்கியிருந்த இடம், கட்டை விரல் படும் அளவுக்கு மட்டும் வழவழப்பாகியிருந்தது. "இது அப்பாவின் விரல் பாயி சாகிப், இதை எந்த மால்கானாவில் வைப்பது?" என்றார். சேகரிப்பாளர் கணக்கில் அந்த ரிவால்வருக்குப் பெரிய மதிப்பு இருந்திருக்காது. அவர் கணக்கு வேறு.

நம் குடும்பங்களிலும், பட்டாளத்திலோ வனத்துறையிலோ இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து இப்படி ஒன்று வெளிப்படலாம். அதை முடுக்கிப் பார்க்க வேண்டாம். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். துடைத்து மெருகேற்றவும் வேண்டாம். உடனே போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அங்கோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு மனுப் போடலாம். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் அது சுடுமா சுடாதா என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ளக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தாத்தாவின் நினைவைக் காப்பாற்ற நினைத்து, பேரன் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டாம் அல்லவா?